50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டுவது எப்படி: இம்பல்ஸ் ரெஸ்பான்ஸிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

இசிஜி அலையின் மேல் கரண்ட் இரைச்சல் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: எங்கிருந்தாவது நான்கைந்து ஃபில்டர் எண்களை எடுத்து நிரலில் ஒட்டுவது. சில நேரம் இரைச்சல் போய்விடும். பல நேரம் இரைச்சலோடு இதயத்துடிப்பின் வடிவமும் சேர்ந்தே போய்விடும். எது போனது, ஏன் போனது என்பதைச் சொல்வது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது ஒற்றைத் தட்டலுக்கு ஃபில்டர் தரும் பதில். அதைப் பார்க்காமல் அதிர்வெண் வரைபடத்தை மட்டும் பார்த்து ஃபில்டர் தேர்வு செய்வது, விலையைக் கேட்காமல் சாமான் வாங்குவது மாதிரி.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு கல்லூரி ப்ராஜெக்ட்டுகளில் அடிக்கடி வருவது: ஏடி8232 இசிஜி மாட்யூல், ஆர்டுயினோ ஊனோ, வினாடிக்கு 500 சாம்பிள். நீக்க வேண்டியது கரண்ட் லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ்.

ஃபில்டருக்கு முன்னால்

எலக்ட்ரோடு ஒட்டியிருக்கும் உடம்போடு இணைந்த எதுவும் கரண்ட் லைனோடு இணைந்திருக்கக் கூடாது. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். இது முதலில் உயிர்ப் பாதுகாப்புக்காக. சார்ஜரைக் கழற்றியதுமே இரைச்சல் பாதி குறைவதும் உண்டு. இந்த மாட்யூல் கற்றுக்கொள்ளத்தான். நோயைக் கண்டறிய அல்ல.

அடுத்து எலக்ட்ரோடு. ஜெல் காய்ந்த பழைய பேட்ச் ஒன்று போதும், எந்த ஃபில்டரையும் தோற்கடிக்க. தோலைத் துடைத்து உலர்த்திப் புதிய பேட்ச் ஒட்டுங்கள். மூன்று ஒயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். ஒயர்களுக்கு நடுவே விரியும் வளையம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு இரைச்சலை அது பிடிக்கும்.

பிறகு, ஃபில்டர் போடாத அலையைப் பாருங்கள். அலையின் உச்சி எங்காவது கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக இருக்கிறதா? இருந்தால் ஆம்ப்ளிஃபையர் எல்லையைத் தொட்டுவிட்டது. அதை எந்த டிஜிட்டல் ஃபில்டராலும் மீட்க முடியாது. இனி சொல்லப்போகும் கணக்கு முழுவதும் 'உள்ளீடு இரட்டித்தால் வெளியீடும் இரட்டிக்கும்' என்ற அடித்தளத்தில் நிற்கிறது. அலை வெட்டுப்பட்ட இடத்தில் அந்த அடித்தளமே இல்லை.

மாட்யூலிலேயே 40 ஹெர்ட்ஸ் ஃபில்டர் இருக்கிறதே, பிறகு 50 எப்படி உள்ளே வருகிறது என்று கேட்கலாம். இரண்டாம் வரிசை பட்டர்வர்த் (மென்மையாகச் சரியும் ஒரு வழக்கமான ஃபில்டர் வகை) என்று வைத்துக் கணக்கிட்டால், 40-ல் வெட்டும் ஃபில்டர் 50-ஐக் கிட்டத்தட்ட பாதியாகத்தான் குறைக்கும். மீதிப் பாதி நம் தலையில்.

சாம்பிளிங் வேகத்தை அளந்து பாருங்கள், நம்பாதீர்கள்

டிஜிட்டல் ஃபில்டருக்கு ஹெர்ட்ஸ் தெரியாது. அதற்குத் தெரிந்தது, சாம்பிளிங் வேகத்தில் எத்தனை பங்கு என்பது மட்டும். 500-க்கு 50 என்றால் பத்தில் ஒரு பங்கு. வேகம் 460 ஆகிப்போனால் அதே ஃபில்டர் 46 ஹெர்ட்ஸை நீக்கும். 50 அப்படியே நிற்கும்.

வேகம் எங்கே நழுவுகிறது? லூப்பில் 2 மில்லிவினாடி தாமதம் போட்டுவிட்டு 500 கிடைக்கும் என்று நினைப்பதில்தான். ஊனோவில் ஒரு அனலாக் ரீட் ஏறத்தாழ 100 மைக்ரோவினாடி எடுக்கும். அதற்கு மேல் சீரியல். 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் '512' என்ற எண்ணும் வரி முடிவுக்கான இரண்டு எழுத்துகளும் சேர்ந்து ஐந்து எழுத்து. எழுத்துக்குப் பத்து பிட், ஆக 50 பிட். அதை அனுப்ப 5.2 மில்லிவினாடி. ஒரு சாம்பிளுக்கு நமக்கு இருப்பதே 2 மில்லிவினாடி. நடைமுறையில் வேகம் 192-ஐத் தாண்டாது. அப்போது 50-க்காகப் போட்ட ஃபில்டர் 19 ஹெர்ட்ஸில் போய் உட்காரும். அது இதயத்துடிப்பின் கூர்முனை வாழும் இடம். 115200 பாட் வைத்தால் அதே ஐந்து எழுத்துக்கு 0.43 மில்லிவினாடிதான்.

ஆகவே டைமர் இன்டரப்ட்டில் (சரியான இடைவெளியில் நிரலைத் தட்டி எழுப்பும் வசதி) சாம்பிள் எடுங்கள். 10,000 சாம்பிள் எடுக்க எத்தனை மைக்ரோவினாடி ஆனது என்று மைக்ரோவினாடி எண்ணியை வைத்துப் பாருங்கள். 2 கோடி வர வேண்டும். ஒரு சதவீதம் தள்ளியிருந்தால் ஃபில்டரும் அரை ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும்.

இதே குழி வேறொரு வடிவத்திலும் வரும். நிரலைச் சோதிக்க எம்ஐடி-பிஐஎச் இசிஜி தொகுப்பைப் பதிவிறக்குவது வழக்கம். அது பாஸ்டனில் பதிவானது. சாம்பிளிங் வேகம் 360, அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ். 500-க்கும் 50-க்கும் செய்த ஃபில்டரை அதில் ஓட்டினால் அது 36 ஹெர்ட்ஸை நீக்கும். 60 அசையாது. ஃபில்டரில் தப்பு என்று நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், கையால்

ஃபில்டருக்குள் ஒரே ஒரு 1, அதைத் தொடர்ந்து வரிசையாக 0 கொடுங்கள். வெளியே வரும் எண்வரிசைதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். தமிழ்ப் பாடப்புத்தகச் சாயலில் கணத்தாக்கத் துலங்கல் என்று சொல்லலாம்; ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அது ஏன் போதும்? எந்த சிக்னலும் வெவ்வேறு உயரமுள்ள, ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒற்றைத் தட்டல்களின் வரிசை. ஒரு தட்டலுக்கு ஃபில்டர் என்ன செய்யும் என்று தெரிந்தால், எல்லாத் தட்டல்களுக்கும் வந்த பதில்களை உயரத்துக்கு ஏற்பப் பெருக்கி, நேரத்துக்கு ஏற்ப நகர்த்தி, கூட்டிவிடலாம். அந்தக் கூட்டலுக்குத்தான் கன்வல்யூஷன் என்று பெயர்.

ஒரு தாளில் செய்து பாருங்கள். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் 0.5, 0.3, 0.2. உள்ளீடு 4, 10, 6.

முதல் வெளியீடு: 4 × 0.5 = 2
இரண்டாவது: 10 × 0.5 + 4 × 0.3 = 6.2
மூன்றாவது: 6 × 0.5 + 10 × 0.3 + 4 × 0.2 = 6.8
நான்காவது: 6 × 0.3 + 10 × 0.2 = 3.8
ஐந்தாவது: 6 × 0.2 = 1.2

மூன்று எண் உள்ளே போய் ஐந்து எண் வெளியே வந்திருக்கிறது. 3 + 3 − 1. வெளியீட்டின் கூட்டுத்தொகை 20, உள்ளீட்டின் கூட்டுத்தொகையும் 20, ஏனென்றால் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸின் கூட்டுத்தொகை 1. இந்தக் கூட்டுத்தொகைதான் ஃபில்டரின் டிசி கெயின், அதாவது மாறாத உள்ளீட்டை ஃபில்டர் எத்தனை மடங்காக்கும் என்பது. நிரல் சரியா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனை கிடையாது. உள்ளீடு முடிந்த பிறகும் 3.8, 1.2 என்று வால் நீள்கிறதே, அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். எந்த ஃபில்டரானாலும் நாம் கொடுக்கும் விலை அந்த வாலில்தான் எழுதியிருக்கும்.

வால் ஓர் இடத்தில் முழுதாக நின்றுவிட்டால் அது எஃப்ஐஆர் (முடிவுள்ள இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்). வெளியீட்டையே திரும்ப உள்ளே ஊட்டுவதால் வால் தேய்ந்துகொண்டே போய், கணக்குப்படி ஒருபோதும் முடியாவிட்டால் அது ஐஐஆர் (முடிவில்லா இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்).

முதல் ஃபில்டர்: பத்து சாம்பிள் சராசரி

வினாடிக்கு 500 சாம்பிள் என்றால் 50 ஹெர்ட்ஸின் ஒரு சுற்றில் சரியாகப் பத்து சாம்பிள். ஒரு முழுச் சுற்றின் சராசரி பூஜ்யம். எனவே கடைசிப் பத்து சாம்பிளைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் 50 காணாமல் போகும். 100, 150, 200 என்ற மடங்குகளும் கூடவே போகும். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் பத்து முறை 0.1, அவ்வளவுதான்.

நிரலில் ஒவ்வொரு முறையும் பத்தையும் கூட்ட வேண்டாம். ஓடும் கூட்டுத்தொகை ஒன்றை வைத்துக்கொண்டு, புதியதைக் கூட்டிப் பத்து சாம்பிளுக்கு முந்தையதைக் கழியுங்கள். இதை முழு எண்ணில் மட்டும் செய்யுங்கள். பின்ன எண்களை ஃப்ளோட்டில் வைத்துச் செய்தால் கூட்டும்போதும் கழிக்கும்போதும் விழும் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போய், அடிக்கோட்டை மெல்ல நகர்த்தும்.

மின்கட்டத்தின் அதிர்வெண் ஆடினாலும் இந்த எளிய ஃபில்டர் அசராது. இந்திய மின்கட்ட விதிப்படி அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். 49.9-ல் இந்தச் சராசரி விட்டுவைப்பது ஆயிரத்தில் இரண்டு பங்கு. சுமை இல்லாத டீசல் ஜெனரேட்டர் 51-க்கு ஏறினாலும் நூறில் இரண்டு பங்குதான் மிஞ்சும்.

விலை? 20 ஹெர்ட்ஸிலேயே கெயின் 0.76-க்கு இறங்கிவிடும், 3 டெசிபல் புள்ளி (கெயின் 0.71 ஆகும் இடம்) சுமார் 22 ஹெர்ட்ஸ். துடிப்பின் உயரமான கூர்முனையான ஆர் முனையை 40 மில்லிவினாடி அடி அகலமுள்ள முக்கோணமாக எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது உச்சியிலிருந்து இருபுறமும் பத்துப் பத்து சாம்பிள். உச்சியைச் சுற்றியுள்ள பத்து சாம்பிளின் சராசரி 0.75 வரும். முனையின் உயரத்தில் கால்வாசி போயிற்று. துடிப்பை எண்ண மட்டும் வேண்டுமென்றால் இது பொருட்டே இல்லை. பான், டாம்ப்கின்ஸ் இருவரும் 1985-ல் வெளியிட்ட புகழ்பெற்ற துடிப்பறியும் முறை, முழு எண் கெழுக்களை (ஃபில்டரின் பெருக்கு எண்களை) வைத்து இதைவிட முரட்டுத்தனமாகவே அலையை மாற்றுகிறது. அலையின் வடிவத்தைப் படிக்க வேண்டுமென்றால் இந்தச் சராசரி ஆகாது.

நாட்ச்: 50-ஐ மட்டும் கிள்ளுவது

சாம்பிளிங் வேகம் 500-ஐ 360 பாகையாக ஒரு வட்டத்தில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் 36 பாகையில் விழும். அங்கே வட்டத்தின் மேலேயே ஒரு ஜீரோவும் (அந்த அதிர்வெண்ணை அழிக்கும் புள்ளி), அதன் கண்ணாடிப் பிம்பமாக −36 பாகையில் இன்னொன்றும் வைத்தால் 50 செத்துப்போகும். ஜீரோ மட்டும் இருந்தால் அக்கம்பக்கத்து அதிர்வெண்களும் சாயும். எனவே அதே கோணத்தில், வட்டத்துக்குச் சற்று உள்ளே 'போல்' (pole) எனும் புள்ளிகளை ஒரு ஜோடியாக வைத்து அந்த அக்கம்பக்கத்து அதிர்வெண்களைத் தூக்கி நிறுத்துகிறோம். இந்தப் போல் புள்ளி வட்ட மையத்திலிருந்து இருக்கும் தூரத்தை ஆரம் என்போம்.

36 பாகையின் கொசைனை இரட்டித்தால் 1.618034. ஆம், அதே பொன் விகிதம்தான். தற்செயலில் நினைவில் நிற்கும் எண். ஆரம் 0.98 என்றால்:

வ0 = உ0 − 1.618034 × உ1 + உ2 + 1.585673 × வ1 − 0.9604 × வ2

உ என்பது உள்ளீடு, வ வெளியீடு. 0 இப்போதையது, 1 முந்தையது, 2 அதற்கும் முந்தையது. 1.585673 என்பது 1.618034 × 0.98; 0.9604 என்பது 0.98-இன் வர்க்கம். குறிகளைக் கவனியுங்கள். பைத்தானின் சைபை போன்ற தொகுப்புகள் கொடுக்கும் கெழுக்களில் வெளியீட்டுப் பக்கத்து எண்கள் சமன்பாட்டின் இடப்புறத்துக்கானவை, அதாவது −1.585673, +0.9604 என்று வரும். அதை அப்படியே வலப்புறம் எழுதினால் குறி இரண்டும் தலைகீழாகி, ஃபில்டர் சில பத்து சாம்பிளிலேயே வெடித்துக் கிளம்பும். வெளியீடு விர்ரென்று எல்லையை மீறினால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு குறிகளை.

டிசி கெயின் இப்போது 1.019. சரியாக 1 வேண்டுமென்றால் உள்ளீட்டுப் பக்கத்து மூன்று கெழுக்களையும் 0.98105-ஆல் பெருக்குங்கள்: 0.98105, −1.58737, 0.98105.

இனி ஒற்றைத் தட்டல் சோதனை. பெருக்குவதற்கு முந்தைய சமன்பாட்டில் 1 போட்டு, தொடர்ந்து 0 போடுங்கள்:

1, −0.0324, −0.0117, 0.0125, 0.0311, 0.0373, 0.0293 …

முதல் 1 என்பது அப்படியே கடந்துபோன தட்டல். அதன் பின்னால் ஊசலாடுவது 50 ஹெர்ட்ஸ் மணியோசை. பத்து சாம்பிளுக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சாம்பிளுக்கும் 0.98 மடங்காகத் தேய்கிறது. நூறில் ஒரு பங்காகத் தேய 228 சாம்பிள், அதாவது 0.46 வினாடி. 50 ஹெர்ட்ஸை நீக்குவதற்கென்று செய்த ஃபில்டர் தானே 50 ஹெர்ட்ஸில் ஒலிப்பது முரண் மாதிரித் தெரியும். ஆனால் அதன் வேலையே அதுதான்: உள்ளே வரும் 50-க்கு எதிரான ஒரு 50-ஐ உள்ளேயே வளர்த்து ஒன்றையொன்று அழிக்கிறது. உள்ளே வருவது சட்டென்று நின்றால், வளர்த்து வைத்தது உடனே நிற்காது.

ஆரத்தை எவ்வளவு வைப்பது

நாட்ச் எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு பரவலானது. 3 டெசிபல் அகலம் தோராயமாக (1 − ஆரம்) × 500 ÷ 3.1416. ஆரம் 0.98-க்கு 3.2 ஹெர்ட்ஸ், 0.995-க்கு 0.8 ஹெர்ட்ஸ். குறுக்கினால் என்ன ஆகிறது?

மணியோசையின் தொடக்க உயரம் 0.04-லிருந்து 0.01-க்கு இறங்கும். இது லாபம். ஒவ்வொரு துடிப்பின் வடிவமும் குறைவாகவே கெடும். ஆனால் நீளம் நான்கு மடங்காகும்: நூறில் ஒரு பங்காகத் தேய 1.84 வினாடி. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் துடிப்புகளுக்கு நடுவே 0.8 வினாடிதான். ஒரு துடிப்பின் வால் அடுத்த இரண்டு துடிப்புகளின் மேல் விழுகிறது. நோயாளி கையை அசைத்து எலக்ட்ரோடு ஒருமுறை துள்ளினால், அது கிளப்பும் அதிர்வு திரையில் இரண்டு வினாடி தொங்கும். பார்ப்பவர் அதையும் கரண்ட் இரைச்சல் என்றே நினைப்பார்.

பெரிய நஷ்டம் வேறு. கரண்ட் 49.9-க்கு நகர்ந்தால் ஆரம் 0.98 உள்ள நாட்ச் நூறில் ஆறு பங்கை விட்டுவைக்கும், 0.995 உள்ளது கால் பங்கையே விட்டுவைக்கும். ஜெனரேட்டரில் 51-க்குப் போனால் 0.98-இலும் பாதி மிஞ்சும். அங்கே குறுகலான நாட்ச் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இந்தியாவின் மின்கட்டத்தில் ஓடும் கருவிக்கு 0.98-க்கும் 0.99-க்கும் நடுவே வைப்பது சரியாக வரும். பயிற்சி உதாரணங்களில் அடிக்கடி வரும் 'கியூ 30' (கியூ என்பது நடு அதிர்வெண் ÷ அகலம்) என்பது 50 ஹெர்ட்ஸில் 1.67 ஹெர்ட்ஸ் அகலம், ஆரம் ஏறத்தாழ 0.9895, அந்த வரம்பின் குறுகலான ஓரத்தில் நிற்கிறது, வால் 0.87 வினாடி.

இன்னொன்று: நாட்ச் 50-ஐ மட்டுமே எடுக்கும். ட்யூப்லைட் சோக், மலிவு அடாப்டர் இருக்கும் அறையில் 150-உம் கணிசமாக இருக்கும். அதற்குத் தனி நாட்ச் வேண்டும், கோணம் 108 பாகை, சூத்திரம் அதே.

மூன்றாவது வழி: 165 கெழு எஃப்ஐஆர்

39 ஹெர்ட்ஸ் வரை தொடாமல் விட்டு, 49-லிருந்து எல்லாவற்றையும் வெட்டுவது இந்த வழி. வெட்டும் எல்லையைச் சரியாக 50-ல் வைக்காதீர்கள், கரண்ட் 49.9-க்கு இறங்கும்போது வேலியின் இந்தப் பக்கம் வந்துவிடும். நடுப்புள்ளி 44.

படி ஒன்று, நீளம். ஹாமிங் விண்டோவுக்குக் (ஓரக் கெழுக்களை மெல்லத் தேய்க்கும் பெருக்கு எண்கள், படி மூன்றில் வரும்) கெழு எண்ணிக்கை ஏறத்தாழ 3.3 × சாம்பிளிங் வேகம் ÷ மாறுதல் அகலம் (39-லிருந்து 49 வரை, 10 ஹெர்ட்ஸ்). 3.3 × 500 ÷ 10 = 165. ஒற்றைப்படை எண்ணாக எடுங்கள். அப்போதுதான் நடுவில் ஒரு கெழு இருக்கும், தாமதமும் முழு எண்ணாக வரும்.

படி இரண்டு, சின்க் (சைனைத் தூரத்தால் வகுத்த வளைவு). நடுக்கெழு 2 × 44 ÷ 500 = 0.176. நடுவிலிருந்து க தூரத்தில் உள்ளது சைன்(2 × பை × 0.088 × க) ÷ (பை × க). க = 1-க்கு 0.16717, 2-க்கு 0.14226, 3-க்கு 0.10569. கோணம் ரேடியனில். க = 0-வைச் சூத்திரத்தில் போட்டால் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வரும்; நடுக்கெழுவைத் தனியாக எழுதுங்கள்.

படி மூன்று, விண்டோ. ஒவ்வொன்றையும் 0.54 + 0.46 × காஸ்(2 × பை × க ÷ 164) ஆல் பெருக்குங்கள். வகுப்பது 164, 165 அல்ல. நடுவில் பெருக்கு எண் 1, இரு ஓரங்களிலும் 0.08 வர வேண்டும். வராவிட்டால் எண்ணிக்கையில் ஒன்று தப்பியிருக்கிறது. முதல் மூன்று இப்போது 0.16711, 0.14207, 0.10537 ஆகும்.

படி நான்கு, 165 கெழுக்களையும் கூட்டி, ஒவ்வொன்றையும் அந்தத் தொகையால் வகுங்கள். டிசி கெயின் சரியாக 1 ஆகும்.

விண்டோ போடாமல் சின்க்கை மொட்டையாக வெட்டினால், கெழுவைக் கூட்டிக்கொண்டே போனாலும் வெட்டும் பகுதியில் 21 டெசிபலுக்கு மேல் குறைப்பு கிடைக்காது. ஹாமிங் அதை 53-க்குக் கொண்டுபோகும். பார்க்ஸும் மெக்லெல்லனும் 1972-ல் தந்த முறையில் செய்தால் அதே வேலைக்குக் கெழு இன்னும் குறையும். ஆனால் அதைக் கையால் போட முடியாது, தொகுப்பைத்தான் நம்ப வேண்டும்.

இந்த ஃபில்டரின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கெழு வரிசையேதான், இருபுறமும் சமச்சீர். எனவே எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவு தாமதமாகும்: 82 சாம்பிள், 164 மில்லிவினாடி. திரையில் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆனால் விரலில் மாட்டிய நாடித்துடிப்பு சென்சாரோடு ஒப்பிட்டு நேர இடைவெளி அளப்பவர் இதை மறந்தால் அளவு முழுவதும் குப்பை. அங்கே இரண்டு சேனலுக்கும் ஒரே ஃபில்டரைப் போடுங்கள்.

சமச்சீரால் இன்னொரு சலுகை: ஒரே கெழு உள்ள இரண்டு சாம்பிள்களை முதலில் கூட்டிவிட்டுப் பெருக்கினால் 165 பெருக்கல் 83 ஆகிவிடும்.

துடிப்பை எண்ண மட்டும் என்றால் பத்து சாம்பிள் சராசரி. அலை வடிவம் வேண்டும், நேரடியாகத் திரையில் ஓட வேண்டும் என்றால் நாட்ச். தாமதம் பரவாயில்லை, ஜெனரேட்டர் கரண்டிலும் தாங்க வேண்டும் என்றால் 165 கெழு. ஆனால் நோயறியும் தரமுள்ள இசிஜி 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை எடுக்கிறது. 40-ல் வெட்டிய அலையில் நுண்ணிய முனைகளைத் தேடக் கூடாது.

ஊனோவில் ஏற்றுவது

கெழுக்களை 16384-ஆல் பெருக்கி முழு எண்ணாக்குங்கள். 32768 வேண்டாம், 1.6 என்ற எண் 16 பிட்டில் அடங்காமல் குறி மாறிவிடும். 1.618034 என்பது 26510, 1.585673 என்பது 25980, 0.9604 என்பது 15735, 1 என்பது 16384. கூட்டி முடித்ததும் 8192 சேர்த்து 14 பிட் வலப்புறம் நகர்த்துங்கள். 8192 சேர்க்காவிட்டால் ஒவ்வொரு முறையும் கீழ்நோக்கியே வெட்டுப்பட்டு வெளியீடு சற்றுக் கீழே இழுபடும்.

ஊனோவில் சாதாரண முழு எண் 16 பிட். 26510 × 512 அதில் வழிந்துவிடும். கம்பைலர் எச்சரிக்காது, வெளியீடு மட்டும் பைத்தியம் பிடித்தமாதிரி ஆடும். பெருக்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தை 32 பிட்டாக மாற்றுங்கள், பெருக்கிய பிறகு அல்ல.

நாட்ச்சுக்கு இந்தத் துல்லியம் போதும். தாழ்ந்த அதிர்வெண்ணில் பிட்டைக் குறைக்கக் கூடாது. அடிக்கோடு அலைவதை நிறுத்த 0.5 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) போட்டால் போல் புள்ளி 0.9937-ல் நிற்கும். கெழுவுக்கு 7 பிட் மட்டும் கொடுத்தால் அது 127/128 ஆகிவிடும். வெட்டும் இடம் 0.5 அல்ல, 0.62. எண் சிறிதானாலும், ஆரம் 1-ஐ நெருங்க நெருங்க ஒவ்வொரு பிட்டும் விலை பேசும்.

தொடக்கம் இன்னொரு தொல்லை. மாட்யூலின் நடுக்கோடு 1.65 வோல்ட், 5 வோல்ட் அளவுகோலில் 338. ஃபில்டரின் பழைய மதிப்புகள் பூஜ்யமாக இருந்தால் முதல் சாம்பிளே 338 உயரத் தட்டலாகி மணியோசையைக் கிளப்பிவிடும். கெயினை 1 ஆக்கிய வடிவத்தில், முதல் சாம்பிளின் மதிப்பை உ1, உ2, வ1, வ2 நான்கிலும் போட்டுத் தொடங்குங்கள்.

சோதனை

மனித உடம்பில் மாட்டும் முன் மேசையில் இந்த வரிசையில்:

முதலில் தட்டல். 1 கொடுத்தால் முழு எண் கணக்கில் வால் முழுவதும் பூஜ்யமாகிக் காணாமல் போகும், 1000 கொடுங்கள். நாட்ச்சில் 1000, −32 என்று தொடங்கி, பிறகு −12, 12 அல்லது 13, 31, 37, 29 என்ற அக்கம்பக்கத்தில் வர வேண்டும். கடைசி இலக்கம் ஒன்றிரண்டு மாறலாம். சில நூறு சாம்பிளுக்குப் பிறகும் வெளியீடு பூஜ்யத்துக்கு வராமல் சிறிய எண்களில் ஊசலாடினால், அது வட்டமிடும் பிழையே தன்னைத்தானே ஊட்டி வளர்ப்பது. உள்ளே நான்கு பிட் கூடுதலாக வைத்துக்கொண்டு வெளியே தரும்போது மட்டும் வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடங்கும்.

அடுத்து கூட்டுத்தொகை: தட்டலுக்கு வந்த எல்லா எண்களையும் கூட்டி 1000-ஆல் வகுத்தால் டிசி கெயின். பிறகு, அதே எண்களைப் பத்து சாம்பிள் சுற்றுள்ள கொசைனால் பெருக்கிக் கூட்டுங்கள், சைனாலும் பெருக்கிக் கூட்டுங்கள். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் 50 உண்மையிலேயே அடைபட்டிருக்கிறது. ஆசிலோஸ்கோப் எதுவும் தேவையில்லை.

கடைசியாக நிஜ அலை. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ளதை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, இரண்டின் வித்தியாசத்தையும் கீழே வரையுங்கள். வித்தியாசத்தில் சீரான 50 மட்டும் தெரிந்தால் சரி. ஒவ்வொரு துடிப்பின் இடத்திலும் அது குதித்தால், ஃபில்டர் இதயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

பதிவு செய்த அலையைக் கணினியில் பிறகு வடிகட்டுபவர்கள் முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை ஓட்டித் தாமதத்தை முழுக்க நீக்குவது உண்டு. டெசிபல் கணக்கில் குறைப்பும் இரட்டிக்கும். ஆனால் பின்னோக்கி ஓட்டும்போது வாலும் முன்னே திரும்பும்: துடிப்பு வரும் முன்பே ஒரு சிறு ஊசல் தெரியும். அந்த ஊசல் இதயத்திலிருந்து வந்தது அல்ல.